முட்டைக் கணக்கு

முன்பெல்லாம் 'மலடி' என்றார்கள். இப்பொழுது 'முட்டை குறைவு' என்கிறார்கள். முந்தியது வசைச்சொல் என்றும் பிந்தியது விஞ்ஞானம் என்றும் நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். நான் அப்படி எண்ணவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகி வருகிற ஒரு தசம எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வாய்கள் பழைய வசையையே புதிய பாஷையில் பாடிக் கொண்டிருக்கின்றன என்பதுதான் என் கட்சி. இந்தப் புதிய பாஷைக்கு ஒரு விலை வேறு இருக்கிறது. 'மலடி' என்று திட்டிய மாமியார் அதற்காக யாரிடமும் இரண்டு லட்ச ரூபாய் வாங்கியதில்லை.

இதைப் பற்றி எழுத உமக்கு என்னய்யா யோக்கியதை என்று கேட்பார்கள். கதை எழுதுகிறவன், கல்லூரிப் படிப்பில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காதவன், போதாக்குறைக்கு ஆண்பிள்ளை, இரண்டு பெண்களைப் பெற்றுச் சௌக்கியமாக இருப்பவன். எல்லாம் வாஸ்தவம். ஆனால், பஸ்ஸின் முதுகிலும் பாலத்தின் தூணிலும் கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு, அதன் பக்கத்தில் ஒரு டெலிபோன் நம்பரையும் போடுகிற விளம்பரக்காரர் எந்த வைத்தியக் கல்லூரியில் படித்துவிட்டுப் பேசுகிறார்? அவர் பேசலாம் என்றால் நானும் பேசலாம். தவிரவும், கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஜனங்கள் டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் அவனிடம் வந்து சொல்லுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் தன் ஆயுளுக்கு வேண்டிய முட்டைகள் அத்தனையையும் கொண்டுதான் பிறக்கிறாள். தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அறுபது எழுபது லட்சம். பிறக்கும்போது பத்திலிருந்து இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். இவற்றில், மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளியே வருபவை ஆயுள் முழுவதிலும் நானூறு ஐந்நூறுதான். மற்றவை ஒருவரும் கேளாமல், ஒருவருக்கும் தெரியாமல் கரைந்து போகின்றன. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் எஞ்சியிருக்கும். ஆகவே, முட்டை குறைந்துகொண்டு வருவது ஒரு வியாதி அல்ல. ராணி முதல் ரவிக்கை தைக்கிறவள் வரை ஒவ்வொரு பெண்ணுக்கும் நடப்பது அது.

ஆனால் சிலருக்கு வேகமாகக் குறைகிறது. சினைப்பையில் 'சாக்லேட் சிஸ்ட்' என்று சொல்லுகிற கட்டியை அறுத்து எடுத்தவர்களுக்கு, அந்தக் கட்டியோடு நல்ல சதையும் கொஞ்சம் போய்விடுகிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்குக் குறைகிறது. தாயாருக்குச் சீக்கிரமே மாதவிலக்கு நின்றிருந்தால் மகளுக்கும் அப்படி ஆகலாம். காரணமே அகப்படாமலும் சிலருக்குக் குறைகிறது. இவர்களில் ஒருத்தியும் எந்தத் தப்பும் செய்தவள் அல்ல. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே நமக்கு வெட்கம்.

கையிருப்பை நேரே எண்ணிப் பார்க்க வழி கிடையாது. அதனால் குறுக்கு வழியாக இரண்டு சோதனைகள். ஒன்று, ஸ்கேன் வைத்துச் சினைப்பையிலுள்ள சிறு கொப்புளங்களை எண்ணுவது. மற்றொன்று, அந்தக் கொப்புளங்கள் சுரக்கிற ஒரு ஹார்மோனை ரத்தத்தில் அளப்பது. அதற்கு ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் என்று பெயர், ஏ.எம்.எச். என்பார்கள். இந்தப் பெயருக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆண் சிசு கருவில் வளரும்போது, அதன் உடம்பில் கர்ப்பப்பையாக மாறக்கூடிய ஒரு குழாயை அழித்துவிடுவது இந்த ஹார்மோன்தான். அந்த அழிவு வேலையை வைத்தே பெயர் சூட்டினார்கள். கர்ப்பப்பையை இல்லாமல் ஆக்குகிற காரியத்துக்காகப் பெயர் பெற்ற ஒரு ரசாயனம் இன்றைக்குப் பெண்ணின் தாய்மைக்கு மதிப்பெண் போட்டுக் கொண்டிருக்கிறது! இதை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்பீர்கள்.

அந்த எண் என்ன சொல்லுகிறது? ஊசி போட்டுத் தூண்டினால் ஒரு தடவையில் எத்தனை முட்டை கைக்கு வரும் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லுகிறது. அவ்வளவுதான். அந்த முட்டை நல்லதா, அது கருவாகுமா, அந்தக் கரு நிலைக்குமா என்பதைச் சொல்லுவதில்லை. அமெரிக்காவில், மலட்டுத்தன்மை என்று எந்த வரலாறும் இல்லாத, 30 முதல் 44 வயதுக்கு உட்பட்ட 750 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஏ.எம்.எச். குறைந்தவர்களும் குறையாதவர்களும் இயற்கையாகக் கருத்தரிப்பதில் வித்தியாசம் காணப்படவில்லை. மாதம் ஒரு முட்டைதானே வேண்டும்! கிடங்கில் ஆயிரம் மூட்டை இருந்தாலும் பத்து மூட்டை இருந்தாலும் இன்றைய சமையலுக்கு வேண்டியது ஒரு படி அரிசி. கருத்தரிப்பில் சிரமம் இல்லாத பெண்களுக்கு இந்தச் சோதனையை எடுத்து எதிர்காலம் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 2019-இல் சொல்லியாகிவிட்டது. நம் ஊரிலோ இதை 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பட்டியலில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நடுவே சேர்த்து, கலியாணமாகாத பெண்ணின் கையில்கூடச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தாளே லூயி பிரௌன், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, அவள் எத்தனை முட்டைகளிலிருந்து பிறந்தாள் தெரியுமா? ஒன்றே ஒன்று. அவள் தாயாருக்கு ஊசி போட்டுத் தூண்டவில்லை. இயற்கையாக அந்த மாதம் முதிர்ந்த ஒரு முட்டையை எடுத்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

என் அக்காள் மகள் மதுரையில் பள்ளிக்கூட ஆசிரியை. வயது 33. இருபத்தேழாவது வயதில் சாக்லேட் கட்டிக்கு ஆபரேஷன் ஆனவள். கலியாணமாகி ஒன்பதாவது மாதம், 'இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா' என்கிற தெருவாரின் அக்கறை தாளாமல் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். 0.6 என்று வந்தது. டாக்டரைப் பார்க்கிறதற்கு முன்பே, கழுத்தில் பட்டை மாட்டிய ஒரு பெண் இவளை உட்கார வைத்து, "மேடம், உங்களுக்கு டைம் இல்லை. இந்த மாசமே ஆரம்பிக்கணும். லேட் பண்ணினா அப்புறம் டோனர்தான்" என்றாளாம். மூன்று தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டினால் இவ்வளவு தள்ளுபடி என்று ஒரு வழுவழுத் தாளையும் கொடுத்தாளாம். தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே, அது மாதிரி.

அன்று இரவே பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள். "மாமா, எனக்கு முட்டை இல்லையாம்" என்றாள். அழவில்லை. பரீட்சையில் தோற்ற பையன் மார்க்கைச் சொல்லுவது போலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே வந்த என் அக்காள், "அவங்க மாமியார் வீட்டில ஜாடையா பேச ஆரம்பிச்சுட்டாங்க தம்பி. எங்க வம்சத்தில யாருக்கும் இப்படி இல்லையேங்கிறாங்க" என்றாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் எனக்குத் தெரிந்தவர். மாப்பிள்ளையையும் வரவழைத்துக்கொண்டு அவரிடம் போனோம். அவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?"

நான்கு பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். நான்கு பேரும் சுவரைப் பார்த்தோம்.

ஆண்பிள்ளைக்குச் செய்கிற விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, சில நூறு ரூபாய்க்கு மேல் செலவும் இல்லை. குழந்தைப் பேறு தள்ளிப் போகிற தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதாவது குறை இருக்கிறது. ஆனாலும் முதலில் படுக்க வைக்கப்படுகிறவள் பெண்தான். அடுத்த வாரம் மாப்பிள்ளைக்கும் சோதனை செய்தார்கள். அதில் என்ன வந்தது என்பது அவர்கள் இருவருடைய விஷயம். நான் எழுதப் போவதில்லை.

அந்த அம்மாள் ஒரு காகிதத்தில் இரண்டு கோடுகள் போட்டார். "ஒரு கோடு எண்ணிக்கை. ஒரு கோடு வயசு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா பயம்தான் மிஞ்சும், தாயி. உன் எண்ணிக்கை குறைச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன். அதனால இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு மாதிரி நிதானமா இருக்க முடியாது. ஆனா முட்டையோட தரத்தைச் சொல்றது வயசு. உனக்கு முப்பத்து மூணு. கொஞ்சம்தான் இருக்கு, ஆனா இருக்கிறது பெரும்பாலும் நல்லதா இருக்கும்" என்றார். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்திருந்து, மாப்பிள்ளையின் சோதனையும் சரியாக இருந்தால், சில மாதம் இயற்கைக்கு விட்டுப் பார்க்கலாம், ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்று தள்ளக் கூடாது. ஆகவில்லை என்றால் நேரே ஐ.வி.எஃப்.; ஒரு தடவையில் இரண்டு மூன்று முட்டைதான் வரும், அது தோல்வி அல்ல; இரண்டாவது குழந்தையும் வேண்டும் என்கிற எண்ணம் இருந்தால் கருவைச் சேமித்து வைப்பதைப் பற்றி இப்போதே யோசிக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. காப்பி கொடுத்தார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

அந்த அரை மணி நேரத்தை விற்கத்தான் நம் கருத்தரிப்பு மையங்களில் யாருக்கும் நேரமில்லை. தள்ளுபடித் தாளை விற்க இருக்கிறது.

இனி எண்ணிக்கையும் வயதும் சேர்ந்து கைவிட்ட இடத்துக்கு வருவோம். என் புத்தகங்களுக்குப் புரூப் பார்த்த நண்பர் ஒருவரின் மனைவிக்கு 42 வயது. அவருக்கும் அதே 0.6 தான். எண் ஒன்றாக இருந்தாலும் விஷயம் ஒன்றல்ல. கருவின் குரோமோசோம்கள் சரியாக அமையாமல் போவது 35 வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கருவுக்கு. 42 வயதில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்கு. இதை மாற்றுகிற மருந்து உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. அந்தத் தம்பதியர் நாலரை வருஷத்தில் ஐந்து தடவை ஊசி போட்டுக் கொண்டார்கள். முதல் தடவை மூன்று முட்டை, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இரண்டு, கடைசித் தடவை ஒன்றுமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்த ஒன்றே கால் ஏக்கர் போயிற்று. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும், "அடுத்த தடவை முறையை மாற்றிப் பார்ப்போம்" என்றார்களே தவிர, உங்கள் வயதில் உங்கள் சொந்த முட்டையில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பிள்ளை பிறக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நண்பர் கேட்கவும் இல்லை. கேட்டால் கிடைக்கப் போகிற பதில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முறையை மாற்றுவது என்றால் என்ன? மருந்தின் அளவைக் கூட்டுவது ஒன்று. கையிருப்புக் குறைந்த பெண்களுக்கு ஊசி மருந்தை ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு ஏற்றிப் பார்த்தால் பிள்ளைப் பேறு கூடுகிறதா என்று நெதர்லாந்தில் முறையாகச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். கூடவில்லை; செலவுதான் கூடிற்று. அப்புறம் அந்தப் பெண்ணின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதிலிருந்து பிரித்த நீரைச் சினைப்பைக்குள் குத்துகிறார்கள். 'புத்துயிர் சிகிச்சை' என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர் நல்ல எழுத்தாளராக வந்திருக்க வேண்டியவர். இது பிள்ளைப் பேற்றைக் கூட்டுகிறது என்பதற்கு நம்பகமான நிரூபணம் இதுவரை வரவில்லை. ரசீது மட்டும் உடனே வருகிறது.

திருக்கருகாவூரில் கர்ப்பரக்ஷாம்பிகை சந்நிதியில் நெய் கொடுக்கிறார்கள். தம்பதிகள் வாங்கிப் போய் நாற்பத்தெட்டு நாள் சாப்பிடுகிறார்கள். பகுத்தறிவாளர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. நெய் கொடுக்கிற குருக்கள், 'மேடம், உங்களுக்கு டைம் இல்லை' என்று சொல்லுவதில்லை. நெய்க்காக யாரும் நிலத்தை விற்றதில்லை. நம்பிக்கையை நம்பிக்கை என்று சொல்லிக் கொடுப்பதில் ஒரு யோக்கியம் இருக்கிறது. நம்பிக்கைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி விஞ்ஞானம் என்று விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

விஞ்ஞானத்துக்கு நான் விரோதியல்ல. லூயி பிறந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1978 அக்டோபர் 3-ஆம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் கையால் துர்கா என்கிற குழந்தை பிறந்தது. அந்த மனிதரை அரசாங்கம் நியமித்த ஒரு குழு நம்ப மறுத்து அவமானப்படுத்தியது. 1981-இல் தற்கொலை செய்து கொண்டார். உண்மையைச் சொன்னவனை அன்று ஏளனம் செய்தோம். இன்று பஸ்ஸின் முதுகில் எழுதியிருப்பதையெல்லாம் நம்புகிறோம்.

பிரிட்டனில் இதற்கென்று ஒரு கண்காணிப்பு ஆணையம் உண்டு. அது வெளியிட்ட 2019-ஆம் வருஷத்துக் கணக்கு இது: சொந்த முட்டையைக் கொண்டு செய்த சிகிச்சையில், கர்ப்பப்பையில் வைத்த கரு ஒன்றுக்கு, 35 வயதுக்குக் கீழே நூற்றுக்கு 32 குழந்தைகள், 40 முதல் 42 வரை 11, 43, 44 வயதில் 5. வேறொரு பெண்ணின் முட்டையைக் கொண்டு செய்ததில், பெறுகிறவளின் வயது எதுவானாலும் முப்பதுக்கு மேல். இந்த ஒரு பாராவைப் படிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு நிமிஷம். இந்த ஒரு நிமிஷம்தான் என் நண்பரின் மனைவிக்கு நாலரை வருஷமாகக் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தால் மட்டும் என்ன, இரவல் முட்டைக்கு அந்த வீட்டில் ஒப்பியிருப்பார்களா என்று கேட்கிறீர்கள். இங்கேதான் டாக்டர்களை விட்டுவிட்டு நம்மைத் திட்ட வேண்டியிருக்கிறது. 'சொந்த ரத்தம்' என்கிற நம்முடைய பெரும் பைத்தியத்துக்குத்தான் அந்த ஐந்து தடவையும் பலி கொடுக்கப்பட்டது. பெரியவர்கள் மேடையேறி, கருவை மாற்றி வைக்கும் வித்தையை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள், தேவகியின் கரு ரோகிணியின் வயிற்றுக்குப் போய் பலராமன் பிறக்கவில்லையா என்று மார் தட்டுகிறார்கள். சரி ஐயா, அப்படியே வைத்துக்கொள்வோம். ரோகிணி அந்தப் பிள்ளையை யாருக்கும் தெரியாமல் மறைத்தாளா? கண்ணனைப் பெறாத யசோதையைத்தானே நாம் தாய் என்று தாலாட்டில் பாடிக் கொண்டிருக்கிறோம்? புராணத்தில் இனிக்கிறது, மருமகள் விஷயத்தில் கசக்கிறதா?

ஒப்புகிறவர்களும் ஒரு நிபந்தனையோடு ஒப்புகிறார்கள்: வெளியே தெரியக் கூடாது. புருஷனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். பிறந்த பிள்ளைக்கு மூக்கு யாரைப் போல இருக்கிறது என்று உறவு கூடி ஆராயும்போது அவள் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். 2021-ஆம் வருஷத்துச் சட்டம், இப்படிப் பிறக்கிற குழந்தை அந்தத் தம்பதியின் குழந்தைதான், உரிமைகள் அத்தனையும் அதற்கு உண்டு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறது. சட்டத்துக்கு இருக்கிற துணிச்சல் நம் வீட்டுக் கூடத்தில் இல்லை. ஒன்பது மாதம் சுமந்து, ரத்தம் கொடுத்து, வயிறு கிழிந்து பெற்றவளிடம் ரத்தம் இல்லை என்கிற கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் இரவல் முட்டையை நான் ஆதரிக்கிறேன் என்பதற்காக, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. அதே சட்டம் சொல்லுகிறது: கொடுக்கிறவளுக்கு 23 வயதுக்குக் குறையக் கூடாது, 35-க்கு மேற்படக் கூடாது; ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம்; ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது; வியாபாரமாகச் செய்யக் கூடாது. சட்டம் அமலுக்கு வந்த 2022-ஆம் வருஷத்தில்தான் ஈரோட்டுச் செய்தி வெளியாயிற்று. பதினாறு வயதுச் சிறுமியைப் பெற்ற தாயும், தாயோடு வாழ்ந்தவனும், ஒரு தரகுக்காரியும் சேர்ந்து, வயதைக் கூட்டிய போலி ஆதார் அட்டையோடு ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப் போய், சில வருஷங்களில் எட்டுத் தடவை முட்டையை விற்றார்கள் என்று போலீசார் வழக்குப் போட்டார்கள். எட்டுத் தடவை! அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த டாக்டர்கள் எத்தனை பேர், நர்சுகள் எத்தனை பேர்! அட்டையைப் பார்த்தார்கள்; முகத்தைப் பார்க்கவில்லை. 'தானம்' என்கிற அழகான வார்த்தையை நாம் இந்தக் காரியத்துக்கு வைத்திருக்கிறோம். இல்லாதவள் இருப்பவளுக்குக் கொடுப்பதைத் தானம் என்று எந்த ஊரில் சொல்லுவார்கள்? முட்டை வாங்கப் போகிற தம்பதி, கொடுக்கிறவளின் பெயரைக் கேட்க வேண்டாம். அது ரகசியமாகவே இருக்கட்டும். அவளுக்கு என்ன வயது, இது எத்தனையாவது தடவை, அவளுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்றா என்று கேட்கலாம். தன் வலியை மட்டும் வலியாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சிரமம்தான். என்றாலும் கேட்கத்தான் வேண்டும்.

தத்து எடுக்கலாமே என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னதுண்டு. இப்போது அதற்கும் வரிசை; ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும்; தம்பதியின் வயதையும் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே ஐந்து தடவை ஊசி போட்டுத் தோற்ற பிறகு யோசிக்கிற விஷயமல்ல அது. யோசிப்பதானால் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதை எந்த மையத்திலும் சொல்லுவதில்லை, வீட்டிலும் சொல்லுவதில்லை. போதும் என்று நிறுத்திக் கொள்வது. உங்களுக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், சொல்லிவிடுவீர்கள் என்று என் நண்பர் ஒரு தடவை கோபித்துக் கொண்டார். அந்தக் கோபம் நியாயமானது. அதனால் நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்துகிறவளைத் துக்க வீட்டுக்காரி மாதிரி பார்க்காதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன். புருஷனும் மனைவியுமாக இருவர் வாழ்கிற வீடும் குடும்பம்தான். ஐந்தாவது தடவைக்குப் பிறகு, அந்த அம்மாள் என் மனைவியிடம் சொன்னாராம்: "அக்கா, இந்த மாசம் ஊசி இல்லைன்னு நினைச்சப்போ, முதல் தடவையா ராத்திரி தூங்கினேன்." நண்பருக்கு இது இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். படித்தால் தெரிந்து கொள்ளட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு கருத்தரிப்பு டாக்டரிடம், வயதுவாரியாக எத்தனை பேர் ஆரம்பித்தார்கள், எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டுங்களேன் என்று கேட்டேன். பிரிட்டனில் மருத்துவமனைவாரியாக வெளியிடுகிறார்கள். அமெரிக்காவில் 1992-இல் இதற்கென்றே சட்டம் செய்தார்கள். அவர் சிரித்தார். "எழுபது சதவீதம் என்று போடுகிறவன் வாசலில் கூட்டம் நிற்கும், உண்மையைப் போடுகிற என் வாசலில் ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்றார். எழுபது சதவீதம் எதில் என்று கேட்டேன். சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு விழுந்ததையெல்லாம் சேர்த்துத்தான் என்றார். இரண்டு கோடு விழுந்து கலைந்து போனவளும் அந்த எழுபதில் ஒருத்தி! அவர் கெட்ட மனிதர் அல்ல. அதனால்தான் சிரித்தார்.

பலகை மாட்டுகிற வரையில் பெண்கள் காத்திருக்க முடியாது. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி எழுதித் தரச் சொல்லட்டும். புருஷனின் சோதனை முடிவு என்ன. என் வயதில், என் சொந்த முட்டையில், ஊசி ஆரம்பிக்கிற நூறு பேரில் இந்த மையத்தில் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர். கூடுதலாகச் சொல்லுகிற ஒவ்வொரு மருந்துக்கும் நிரூபணம் என்ன. எத்தனையாவது தடவையில் 'இனி வேண்டாம்' என்று நீங்களே எனக்குச் சொல்லுவீர்கள். இவற்றை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிற டாக்டர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் தைரியமாகச் சிகிச்சை எடுத்துக் கொள்ளட்டும். தராதவரிடமிருந்து ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வரட்டும். வருகிற வழியில், அந்த மாமியாருக்கும் ஒரு பதிலை யோசித்து வைத்துக் கொள்ளட்டும்.